தொப்பி மறைத்த அத்தை

என் அப்பாவின் அக்காவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கல்யாணத்துக்கு முன்பே காய்ச்சலில் இறந்துபோனார். பிறகு பல வருஷம் கழித்துத்தான் அப்பா அங்கிருந்து சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தார்.

ஆனால் அத்தையைச் சினிமாவில் பிடித்திருக்கிறார்கள். சொந்த ஸ்டூடியோ, ஊருக்கு ஊர் தியேட்டர் என்று பிரிட்டனில் கொடிகட்டிப் பறந்த ஒரு கம்பெனி, அந்தத் தோட்டத்துக்கு வந்து படம் எடுத்தது. கூடையோடு சரிவில் இறங்கச் சொன்னார்களாம். அத்தை நாலு தடவை இறங்கினார் என்பார் அப்பா.

எண்பது தாண்டியதும் அவருக்கு அந்தப் படத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் வந்தது. படத்தின் பெயர் தெரியாது. கடைசியில் துரை பங்களா தீப்பிடிக்கும் என்பது மட்டும் தெரியும். ஆபீஸ் விட்டு வந்து தினமும் தேடினேன். பெயரைக் கண்டுபிடிக்கவே மூன்று மாதம் ஆனது. கம்பெனி கைமாறிக் கைமாறி, படங்கள் யார் யாரிடமோ இருந்தன. ஒருவருக்கு எழுதினால் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார்கள். இணையத்தில் ஓரிடத்தில் படம் இருந்தது; அழுத்தினால், ‘உங்கள் நாட்டில் பார்க்க இயலாது.’ எங்கள் வீட்டுப் பெண் நடந்த படம், எங்களுக்குக் கிடையாதாம்.

லண்டனில் நர்ஸாக இருக்கும் ராயகிரி ஊர்த் தோழி டிஸ்க் வாங்கி அனுப்பினாள். அதுவும் ஓடவில்லை. கரிவலம் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது அந்த நாட்டு மிஷின்லதான் ஓடும்க்கா. வச்சிட்டுப் போங்க, பாக்குதேன்” என்றார். பத்து நாள் அலையவிட்டு, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் போட்டேன். அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரம் வெள்ளைக்காரர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். பிறகு சரிவு வந்தது. கூடையோடு பெண்கள் வரிசையாக இறங்கினார்கள்.

“ஏட்டி, நிப்பாட்டு! அந்தா வாரா!”

நிறுத்துவதற்குள் கதாநாயகன் குறுக்கே வந்து நின்றுவிட்டான். அவன் தொப்பி பாதித் திரையை அடைத்துக்கொண்டது. பின்னோக்கி ஓட்டினேன். தொப்பி வருவதற்கு முன்னால் தெரிந்த பெண்களின் முகங்கள் மங்கலாகக் கலங்கியிருந்தன. அப்பா முதலில் மூன்றாவது பெண்ணைக் காட்டினார். அடுத்த தடவை ஐந்தாவது. அதற்கடுத்த தடவை நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

“அக்கா மொகமே எனக்கு மறந்துபோச்சா மக்கா?” என்றார்.

“இல்லப்பா, படம் தெளிவா இல்ல” என்றேன். பெரிதாக்கிப் பார்த்தேன்; இன்னும் கலங்கியது. ரிமோட்டைச் சுவரில் எறியலாம் போல இருந்தது.

“நாலு தடவ நடந்தாள்லா? இதுல ஒண்ணுதான் இருக்கு. மிச்சம் அவங்ககிட்டத்தான் இருக்கும். எழுதிக் கேளு.”

படத்தை இப்போது வைத்திருக்கும் லண்டன் கம்பெனிக்கு எழுதினேன். வெட்டிய பகுதிகளை அந்தக் காலத்தில் பாதுகாப்பதில்லை, மன்னிக்கவும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதை அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. தினமும் நான் ஆபீஸ் விட்டு வந்து வண்டியை நிறுத்தும்போதே கேட்கிறார்: “லண்டன்காரன் எழுதுனானா?”

“இன்னும் இல்லப்பா” என்கிறேன்.

“சோம்பேறிப் பயலுவ” என்று அவர்களைத் திட்டுகிறார். நானும் சேர்ந்து திட்டுகிறேன்.