அனுப்புநரும் பெறுநரும் ஒருவரே

பார்சல் அத்தைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாகவே தெரியும். ஒரு பொய் போதும் என்கிற இடத்தில் நிறுத்தத்தான் தெரியாது.

எங்கள் பார்சல் அலுவலகம் பேருந்து நிலையத்தின் பின்பக்கம் இருக்கிறது. அத்தை பார்சலை வாங்கி எடை போட்டுச் சீட்டு ஒட்டுவார். பக்கத்து ஜன்னலில் நான் பில் போடுவேன். பதினொரு வருடமாக இப்படித்தான். பசை பிரஷ் அவர் கையைவிட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. மூட்டையைக் கண்ணால் பார்த்தே எடை சொல்லிவிடுவார், ஆளையும் சொல்லிவிடுவார். என்னைப் பார்த்து அவர் வருடா வருடம் சொல்லும் எண்ணை இங்கே எழுதுவதாக இல்லை.

அவர் ஒற்றைப் பிள்ளை. அண்ணன் தம்பி கிடையாது. அப்படியிருக்க, இந்த ஊரில் எட்டுப் பேர் அவரை அத்தை என்று கூப்பிடுகிறார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பையன் தகரப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். எங்களிடம் வந்த பார்சலைப் பெறுநர் வந்து வாங்கும்வரை ஏழு நாள் கட்டணமில்லாமல் வைத்திருப்போம். ஏழு நாள் முடிந்ததும் வந்து வாங்கிக்கொண்டான், அங்கேயே நின்று மறுபடி அனுப்பினான். இப்படி மூன்று முறை. மூன்று முறையும் பில் போட்டவன் நான். அனுப்புநர் இடத்திலும் பெறுநர் இடத்திலும் ஒரே பெயர், விலாசம் மட்டும் இல்லை. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அத்தைக்கு உறைத்தது.

"டேய், உனக்கு நீயே அனுப்புறியே, நீ எங்கடா இருக்க?" என்றார்.

ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவன். பதினெட்டு முடிந்ததும் வெளியே வந்துவிட வேண்டும், அங்கே சட்டம் அப்படி. பத்தொன்பது நாளாகப் பேருந்து நிலையத்து பெஞ்சில் படுத்திருக்கிறான். நான் தினமும் டீ குடிக்கும் இடத்துக்கு எதிர் பெஞ்சு. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஊரில் அறை இல்லாமல் இல்லை. ஆனால் எந்த வீட்டுக்காரரும் முதலில் கேட்பது, "சொந்தக்காரங்க யாரு?" என்றுதான். இல்லை என்றால் கதவு சாத்திக்கொள்ளும். அத்தை அன்று மதியமே அவனைக் கூட்டிக்கொண்டு போனார். "நான் இவனோட அத்தை" என்றார். அதோடு விட்டிருக்கலாம். இவன் தாத்தா கப்பல் கேப்டன் என்றும் சேர்த்து அளந்துவிட்டார்.

அறை கிடைத்தது. ஆனால் வீட்டுக்காரர் தாத்தாவை விடவில்லை. மாதா மாதம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். போன வருடம் வேறு வழியில்லாமல் அத்தை தாத்தாவைச் சாகடித்தார். மனுஷர் துக்கம் விசாரிக்க எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பில் புத்தகத்தை மூடிவிட்டு நானும் எழுந்து தலைகுனிந்து நின்றேன்.

அந்தப் பையன் இப்போது முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறான். அவனை நாங்கள் கூப்பிடும் பெயர் கத்திரி. அவனுக்கு அடுத்து வந்தவன் ஆறடி உயரம், லிஃப்ட் பழுது பார்க்கிறான். அதனால் லிஃப்ட். பிறகு இன்னும் ஐந்து பேர். எட்டாவதாக வந்தவள் குள்ளி.

குள்ளி ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்குப் பதினெட்டு. அன்று சாயங்காலம் இல்லத்தில் அவள் கட்டில் வேறொரு குழந்தைக்குப் போய்விடும். திங்கட்கிழமையே தகரப் பெட்டியோடு எங்கள் ஜன்னலுக்கு வந்து நின்றாள். இரண்டு இடத்திலும் தன் பெயரையே எழுதியிருந்தாள்.

அத்தை சீட்டைக் கிழித்துப் போட்டார். "போய்ச் சேர வேண்டிய இடம் எழுதாம நான் ஒட்ட மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதலாம், போ."

ரொட்டிக் கடைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறை காலியாக இருந்தது. வீட்டுக்காரர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே ஒரு அத்தையெல்லாம் அவருக்குப் போதவில்லை. "குடும்பத்தோட வாங்க" என்று சொல்லிவிட்டார்.

"குடும்பம்தானே? கொண்டாந்துட்டா போச்சு" என்று அத்தை என் பக்கம் திரும்பினார்.

"என்னை விட்டுடுங்க. எனக்குப் பொய் வராது."

"நீங்க வாயே திறக்க வேணாம் பில்லுக்காரரே. நீங்க என் வீட்டுக்காரர். சும்மா உட்காருங்க."

என் வீட்டில் இருப்பவளுக்கு இது தெரிந்தால் என் கதி என்ன என்று யாரும் யோசிக்கவில்லை.

புதன்கிழமை போனோம். திட்டம் சுலபமானது. அத்தை, குள்ளியின் அப்பாவோடு பிறந்தவர். நான் அத்தையின் கணவன். கத்திரி எங்கள் மகன். லிஃப்ட், குள்ளியின் தாய்மாமன். வழி நெடுக ஒப்பித்துக்கொண்டே போனோம். படியேறும்வரை எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

வீட்டுக்காரப் பெரியவர் ஒரு பெரிய தாளும் அடிக்கோலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு கட்டம் போட்டுக் குள்ளி என்று எழுதினார்.

"நான் இவளுக்கு அத்தை. இவர் என் வீட்டுக்காரர், இவன் எங்க பையன்" என்று அத்தை தொடங்கினார். கட்டங்களும் கோடுகளும் விழுந்தன.

பெரியவர் என்னைப் பார்த்து, "நீங்க பொண்ணுக்கு?" என்றார். மாமா என்று சொல்ல வேண்டும். என் வாயிலிருந்து வந்தது, "சித்தப்பா."

பென்சில் நின்றது. "அப்போ நீங்க பொண்ணோட அப்பாவுக்குத் தம்பி. இந்தம்மாவும் அவரோட பொறந்தவங்க. நீங்க கூடப் பொறந்தவங்களையே கட்டியிருக்கீங்க."

நிலைமையைச் சமாளிக்கக் கத்திரி குறுக்கே பாய்ந்தான். "அதெல்லாம் இல்ல சார். இவ என் தங்கச்சி, நான் பொறுப்பு!" இன்னொரு கோடு விழுந்தது. லிஃப்ட்டுக்கு வியர்த்துக் கொட்டியது. "நான் தாய்மாமன்" என்று சரியாகத்தான் சொன்னான். சொன்ன கையோடு திரும்பி, "அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்று அத்தையைக் கேட்டுத் தொலைத்தான்.

பெரியவர் அவனையும் அத்தையையும் கோட்டால் இணைத்தார். தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "ஏம்மா, இதுபடி இந்தப் பொண்ணு உங்களுக்கு அண்ணன் பொண்ணு, சொந்தப் பொண்ணு, பேத்தி, மூணும் ஆகுது."

"அதனாலதான் அவமேல எனக்கு அவ்வளவு பாசம்" என்றார் அத்தை. அசரவே இல்லை.

குள்ளி பெட்டியின் பூட்டுச் சாவியை உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பெரியவர் எல்லோருடைய தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டார். அறையை அளந்து பார்க்கிற சாக்கில் நாளை மதியம் அவளை மட்டும் வரச் சொன்னார். தரேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

திரும்பும் வழியெல்லாம் சித்தப்பா என்று சொன்னதற்கு என் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது. "மாடி வீட்டுக்காரர் பேசறேன். பொண்ணு மயங்கி விழுந்துடுச்சு." அதோடு வைத்துவிட்டார்.

அத்தை ஜன்னலைச் சாத்தக்கூட இல்லை. வாசலில் மூன்று சக்கரப் பார்சல் வண்டி நின்றது. அவர் மூட்டைகள்மேல் ஏறி உட்கார்ந்தார், நான் மிதித்தேன். நான் சைக்கிளை விட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது. "மிதிங்கய்யா, மிதிங்க!" என்று பசை பிரஷ்ஷால் என் தோளில் அடித்துக்கொண்டே வந்தார். அந்தச் சட்டை இன்றுவரை விறைப்பாகத்தான் இருக்கிறது.

நாங்கள் போய் நின்றபோது லிஃப்ட் மூச்சிரைக்கப் படியேறிக்கொண்டிருந்தான். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் ஒரு மேலாளரை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தான். பின்னாலேயே கத்திரி ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் கழுத்தில் வெள்ளைத் துணியும் பாதி முகத்தில் நுரையுமாக ஒருவர் ஓடி வந்தார்.

கூடத்தில் குள்ளி நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பிஸ்கட்டைக் கீழே போட்டாள். "என்னாச்சு? யாருக்கு என்ன?"

"பதினாலு நிமிஷம்" என்றார் பெரியவர், கடிகாரத்தைப் பார்த்து.

விளங்கியதும் அத்தை பிரஷ்ஷை ஓங்கினார். "நீயெல்லாம் பெரிய மனுஷனாய்யா? புள்ளைக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு உசிரே போயிடுச்சு! உன் ரூமும் வேணாம், நீயும் வேணாம்!" சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். பதினொரு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். குள்ளி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அத்தையின் கையில் இருந்த பிரஷ்ஷை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடும்மா. முப்பது வருஷம் வீடு வீடாப் போய் ஆள் எண்ணினவன் நான்" என்றார் பெரியவர். "சொந்தம்னு எழுதிக் குடுத்தவங்கள்ல எத்தனை பேரு கூப்பிட்டா வருவாங்கன்னு எனக்குத் தெரியும்." பிறகு நுரைக்காரரைப் பார்த்தார். "நீங்க யாரு? நேத்து தாள்ல இல்லையே?"

"நான் சவரத்துக்கு வந்தவன் சார். பாதியில இவர் ஓடினாரு, கூடவே வந்துட்டேன். பொண்ணு நல்லா இருக்கில்ல?"

பெரியவர் அவர் எண்ணையும் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை குள்ளி தகரப் பெட்டியைக் கொண்டு வந்தாள். அறைக்கு இரண்டு தெருதான், கையிலேயே தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் பார்சலாகத்தான் அனுப்புவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பெறுநர் இடத்தில் கதவு எண், மாடி, தெரு எல்லாம் பெரிய எழுத்தில் எழுதினாள். அத்தை சீட்டை ஒட்டிவிட்டு, தேவையே இல்லாமல் இன்னொரு முறையும் பசை தடவினார். நான் பில் போட்டேன். கண் மறைத்ததில் ஒரு எழுத்துப் பிழை, அதற்கு வேறு திட்டு வாங்கினேன்.

வாடகைப் படிவத்தை அவள் எனக்குக் காட்டினாள். எங்கள் நால்வர் பெயரும், அடியில் நுரைக்காரர் பெயரும். உறவு முறை என்ற இடத்தில் பெரியவர் ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்: கூப்பிட்டால் வருவார்.

இதனால் வந்த வினையைக் கேளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறேன், பெரியவர் கூப்பிடுகிறார். மாடியில் குழாய் ஒழுகுகிறதாம், பொண்ணு வேலைக்குப் போயிருக்கிறாளாம். எனக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம்? நான் பில் போடுகிறவன். இதையெல்லாம் நன்றாக உறைக்கிற மாதிரி அவரிடம் சொன்னேன்.

சொல்லிவிட்டுப் போனேன். நுரைக்காரர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார்.