வாட்ச் காட்டிய அறுபத்திரண்டு

இரண்டு வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். காலையில் ஊசி, பிறகு இரண்டு இட்லி, பிறகு இந்தத் தீவில் எங்கள் டெலானிபூர் குவார்ட்டர்ஸிலிருந்து சாத்தம் பாலம் வரை இறங்கி நடந்து, மறுபடி மேடேறி வீடு. கடல் தாண்டி மெயின்லேண்டில் படிக்கும் மகள் லீவுக்கு வந்தபோது ஒரு ஃபிட்னெஸ் வாட்ச்சை என் இடது கையில் கட்டிவிட்டாள். எத்தனை கலோரி செலவானது என்று அது காட்டும். அதை வைத்து நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். இருநூறைத் தாண்டினால் பையிலிருக்கும் வாழைப்பழத்தைத் தின்னலாம், தாண்டாவிட்டால் கூடாது. எடை குறையவேண்டும் என்ற ஆசைதான். டாக்டரிடம் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள். இடது கையில் குடையை இறுகப் பிடித்தபடி பாலம் வரை போய்த் திரும்பினேன். பாதி மேட்டில் மூச்சு வாங்கியது. வாட்ச்சைப் பார்த்தேன். அறுபத்திரண்டு. தினமும் அந்த இடத்தில் நூற்றைம்பதுக்குக் குறையாது. 'இன்றைக்குச் சோம்பேறித்தனம்' என்று என்னையே திட்டிக்கொண்டு நடையை வேகமாக்கினேன்.

கொஞ்ச தூரத்தில் குடை ஆடியது. காற்று என்று நினைத்தேன். காற்றில்லை, என் கைதான் நடுங்கியது. கழுத்தில் குளிர்ந்த வேர்வை. எதிரே வந்த பஸ் இரண்டாகத் தெரிந்தது. நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்பவேண்டும்? பதினேழு வருடம் நடந்த வழி, தெரியவில்லை. பையில் பழம் இருந்தது. அது நினைவுக்கே வரவில்லை.

சாலையோர டீக்கடைக்காரர் தெலுங்கர்; இங்கே எல்லாருக்கும் பொதுமொழி இந்திதான். ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

"க்யா ஹுவா தீதி? பைட்டோ, பைட்டோ!"

என்ன ஆச்சு அக்கா, உட்கார் என்கிறார். "சீனி..." என்றேன். நல்லவேளை, இந்தியிலும் அது சீனிதான். ஒரு கைப்பிடியை அள்ளி என் உள்ளங்கையில் கொட்டினார். வாயில் பாதி, சேலையில் பாதி.

அவர் என் போனிலிருந்து கூப்பிட, கணவர் சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் ஓடிவந்தார்.

"என்னட்டி செய்யுது? கை ஏன் இப்படி ஐஸா கெடக்கு?"

அவர் குரலும் நடுங்கியது. அதைக் கேட்டபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு டாக்டர் வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நாடியையும் கை அசைவையும் வச்சு ஊகிக்குதும்மா. நீங்க குடை பிடிச்ச கை அசையவே இல்ல. மழையில பட்டை வேற வழுக்கியிருக்கும், நாடியும் ஒழுங்கா கெடைச்சிருக்காது. உடம்புக்குள்ள சுகர் இறங்குறது அதுக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ மத்த நாள் காட்டுனது சரியா டாக்டர்?"

"அதுவும் ஊகம்தான். சில நாள் கூட, சில நாள் கம்மி. நடக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் விரல்ல குத்தி சுகர் பாருங்க. அதை நம்புங்க."

அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். கணவரும் கூடவே நடக்கிறார். ஆனாலும் பயம் போகவில்லை. இந்த ஊரில் சும்மா உட்கார்ந்திருந்தாலே வேர்க்கும். ஆபீஸில் ஃபைல் பார்க்கும்போது கழுத்தில் ஈரம் பட்டால் போதும், இது புழுக்கமா, அதுவா என்று நெஞ்சு திடுக்கிடுகிறது. விரலை நீட்டி, ஊசியால் குத்தி, மெஷினில் எண் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.