இருசப்பனின் மறுதாம்புக் கணக்கு

இருசப்பன் வேலையை விட்டுவிட்டாராம். கள்ளக்குறிச்சியில் கண்ணாயிரத்தின் உரக்கடையில், மின்விசிறிக்கு நேர் கீழே மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த என்னிடம் கச்சிராயபாளையம் டீக்கடையில் ஒருவர் சொன்னார். அவரும் பார்க்கவில்லை, பஸ்ஸில் யாரோ சொன்னார்களாம். பஸ் ஓடியே நாலு நாளாகிறது. எண்பத்தேழாம் வருடத்து இடஒதுக்கீட்டு மறியல். சாலையெங்கும் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள்.

டீக்கடையை விட்டு வெளியே வந்தால், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு மரத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறார் இருசப்பன். "மரத்த ரோட்ல போட்டா கரும்பு வளராம நின்னுக்கினு இருக்குமா?" என்றார்.

சர்க்கரை ஆலையின் கரும்பு உதவியாளர். நட்ட வயலைப் பதிந்து, முற்றியதும் வெட்டு உத்தரவு கொடுக்க வேண்டும். பேன்ட்டின் ஒரு காலில் சைக்கிள் கிளிப், இன்னொன்றில் துணி கவ்வும் கிளிப். கல்யாணப் பந்தியிலும் பக்கத்து இலைக்காரரிடம், "நட்டது எந்தத் தேதி?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

வேலையில் எத்தனை காலம் இருப்பது என்பதை அவர் வருடத்தில் சொல்வதில்லை. வெட்டிய கரும்பின் கட்டை மறுபடி துளிர்த்து வளர்வது மறுதாம்பு. மூன்று மறுதாம்பு எடுத்ததும் கட்டையைத் தோண்டி எறிந்துவிடுவார்கள். "மூணு மறுதாம்பு, அப்பால நானும் கெளம்பிடுவேன்" என்பார். யார் வயலின் மறுதாம்பு என்று மட்டும் சொல்லமாட்டார். ஒரு வயல் முடிந்தால், புதிதாக நட்ட வயலாகப் பார்த்து முதலிலிருந்து எண்ணுவார். இப்படியே பதினோரு வருடம். இரண்டு வருடத்துக்கொரு முறை ஒப்பந்தத் தாளைப் பார்த்து, வெளிநாட்டு வேலை இன்னும் எத்தனை நாள் என்று எண்ணும் எனக்கு, அந்த எண்ணிக்கை பொறாமையாக இருந்தது.

இந்த முறை மாட்டிக்கொண்டார். ஆலைக்குக் கரும்பு போடும் சாலம்மாளின் வயலை வைத்துத்தான் எண்ணுகிறேன் என்று கண்ணாயிரத்திடம் வாயை விட்டுவிட்டார். அந்த வயலில் மூன்றாவது மறுதாம்பு முற்றி நிற்கிறது. வெள்ளிக்கிழமை கரும்பு ஆபீசுக்குப் போன் செய்வேன், வருகிறாயா இல்லையா சொல், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று கடைக்காரர் சொல்லியனுப்பினார். அங்கே சம்பளம் ஜாஸ்தி, வெயில் கம்மி.

வெள்ளிக்கிழமை மரங்களை இழுத்துப்போட்டு ரோட்டைத் திறந்தார்கள். கரும்பு ஆபீசில் சாலம்மாளுக்கு வெட்டு உத்தரவு எழுதி, மை காய இரண்டு தரம் ஊதி, கையில் கொடுத்தார் இருசப்பன்.

"கட்டையத் தோண்டிடுவியா யக்கா?" என்றார்.

"இன்னாத்துக்குத் தோண்டணும்? வேரு நல்லாத்தான் கீது. நாலாவதும் வுட்டுப் பாக்கறேன்" என்றார் சாலம்மாள். "நீ எங்கியோ பேனுக்கு அடியில குந்தப் போறியாமே ஆபீசரே?"

"யாரு சொன்னது?"

மேசையில் போன் அடித்தது. இருசப்பன் அதைப் பார்த்தார். அடித்துக்கொண்டிருந்த போனை அப்படியே தூக்கி ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் நாலாவது மறுதாம்புக்கான புதிய பதிவுத்தாளை விரித்தார்.