வண்டி திரும்பாத வளைவு

என் தம்பிக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். முதலில் கால்கள் போயின, பிறகு தோள்கள். மிச்சமிருந்த விரல்களால் அவன் கம்ப்யூட்டரில் பைக் ரேஸ் விளையாடுவான். புதுச்சேரியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் அது. காசில்லாமல் கிடைக்கிறதே என்று லினக்ஸ் மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருந்தேன். எங்கள் ஊர் மரக்காணத்திலேயே தன்னைவிட வேகமாக வண்டி ஓட்டுபவன் கிடையாது என்பான். வாய்க்கு மட்டும் எந்த நோயும் வரவில்லை.

ஒரு கோடையில் ஆட்டம் திக்க ஆரம்பித்தது. நன்றாகப் போகும் வண்டி வளைவில் நின்று நின்று குதிக்கும், பட்டனை அழுத்தினாலும் திரும்பாமல் சுவரில் முட்டும். அவன் விளையாடுவதையே விட்டுவிட்டான். ஏன் என்று கேட்டேன்.

"கை போய்டுச்சுக்கா. அழுத்துறேன், திரும்ப மாட்டேங்குது."

"சும்மா இருடா, மெஷின்லதான் கோளாறு" என்று அதட்டிவிட்டு உட்கார்ந்தேன். படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தேன், மாறவில்லை. பிராசஸர் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் முறையில் கிடந்தது. முழு வேகத்துக்கு மாற்றினேன், இன்னும் மோசமானது. கடைசியில் பிராசஸரின் சூடும் வேகமும் திரையின் மூலையில் தெரியும்படி செய்து, ஆட்டத்தை ஓடவிட்டேன். சூடு ஏற ஏற வேகம் பாதியாக விழுந்தது. விழும்போதெல்லாம் வண்டி திக்கியது.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால், கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்கத்தை மட்டும் விட்டு மற்ற எல்லாப் பக்கமும் தார்ப்பாய். உப்பளத்தில் வேலை செய்யும் அப்பா, மழைக்கு உப்புக் குவியலை மூடுவதுபோல இறுக்கிக் கட்டியிருந்தார்.

"உப்புக் காத்து இரும்பத் தின்னுடும்மா. புள்ளைக்கு இருக்கறது அது ஒண்ணுதான்" என்றார்.

அவிழ்த்துப் போட்டு, உள்ளிருந்த விசிறியைத் துடைத்தேன். வண்டி வளைவில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. "பாத்தியா, என் கை இல்ல!" என்று அவன் போட்ட கூச்சலில் அம்மா சமையலை விட்டு ஓடி வந்தாள். மூலையில் ஓடும் எண்களைப் படிக்கவும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதன் பிறகு சூடு ஏறினால், "டேபிள் ஃபேன இந்தப் பக்கம் திருப்புப்பா" என்று அவனே அப்பாவை விரட்டுவான்.

மழைக்காலம் வந்து உப்பளங்களில் தண்ணீர் நின்றது. அப்பா வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, மறுபடியும் திக்குது பாரு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். படம் தடையில்லாமல் ஓடியது. பிராசஸரில் சூடே இல்லை, வேகமும் குறையவில்லை. வண்டி மட்டும் வளைவில் திரும்பவில்லை. அவன் விரல் பட்டன் மேல்தான் இருந்தது. பட்டன் இறங்கவில்லை.

"தார்ப்பாயத்தான் எடுத்துட்டோமே" என்றார் அப்பா, பின்னால் நின்றபடி.

"மெஷின்தான்டா" என்று சொல்லிவிட்டு எதையெதையோ திறந்து மூடினேன். அழுகையில் திரையே தெரியவில்லை. மூலையில் ஓடிய எண்களை அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"ஆமாக்கா, மெஷின்தான்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பா கிட்டயும் அதையே சொல்லிடு."