காற்றாடி ஓடாத மாதம்

கம்பெனி தோட்டத்தை விற்றபோது மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாயில் தொழிலாளர்களுக்குக் கொடுத்த மலிவு வீட்டில் நவமணி குடியேறிப் பதினாறு வருஷம். எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு உரம் போட்டு உரமேறிய உடம்பு. வெயிலை அவள் பொருட்படுத்தியதில்லை. பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடக்கும் கணவர் முருகையாவுக்கு அப்படியில்லை. மத்தியானம் கூரை காய்ந்தால் வேர்வையில் முதுகுப் புண் நைந்துபோகும்.

அதனால்தான், பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரப் பெண் லோகேஸ்வரி வந்து, சில வீடுகளுக்குக் கூரையடியில் வெப்பம் தடுக்கும் பலகை இலவசமாகப் போடப்போவதாகச் சொன்னதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். முதலில் முப்பது வீடுகளில் ஒரு மாதம் மின்சாரமும் சூடும் அளப்பார்கள். பிறகு பத்து வீடுகளைத் தேர்ந்தெடுப்பார்கள்.

"எப்பயும் போலவே இருங்க ஆண்ட்டி," என்று சொல்லித்தான் லோகேஸ்வரி கருவியை மாட்டினாள்.

அது நவமணி காதில் ஏறவில்லை. தோட்டத்துத் துரை பார்வையிட வருகிறார் என்றால் முந்தின நாளே லயத்தைக் கழுவி வைத்தவள் அவள். பகல் முழுக்க மின்சாரக் காற்றாடியை ஓடவிடாமல் அடைத்துவிட்டு, பழைய காலண்டர் அட்டையால் கணவருக்கு விசிறினாள்.

"போடு லா, வேகுது," என்றார் முருகையா, குழறிய வாயால்.

"ஒரு மாசம் பொறுத்துக்குங்க. நல்ல வீடுன்னு எழுதிக்கட்டும்."

மாதம் முடிந்து கோயில் மண்டபத்தில் பட்டியல் வாசித்தார்கள். நவமணி பெயர் இல்லை.

"கரண்ட் அதிகமா ஓடுற வீட்டுலதான் பலகை போட்டா எவ்ளோ கொறையுதுன்னு பாக்க முடியும் ஆண்ட்டி. உங்க வீட்டுல கொறைக்க ஒண்ணுமே இல்ல," என்றாள் லோகேஸ்வரி. "ஆனா மத்தியானம் முப்பத்தாறு டிகிரி காட்டுது. அங்கிள் எப்படித் தாங்குறாரு?"

"அவளுக்கென்ன, ஐஸ் பெட்டியில பொறந்தவ," என்றாள் பக்கத்து வீட்டு இராஜம்மா. நாலு பேர் சிரித்தார்கள்.

நவமணி எழுந்து நின்றாள். "அந்தக் கணக்கு பொய்ம்மா. நாந்தான் காத்தாடிய அடைச்சி வெச்சேன். அவரு கேட்டும் போடல."

சிரிப்பு நின்றது. இராஜம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "நானும் அடைச்சேன்," என்றாள். பின்வரிசையில் இன்னும் இரண்டு கைகள் உயர்ந்தன.

லோகேஸ்வரி பட்டியலை மடித்தாள். "அப்போ எல்லா வீட்டையும் மறுபடி அளக்கணும். மேலிடத்துல கேட்டுச் சொல்றேன். கேரண்டி இல்ல ஆண்ட்டி."

"எங்க பலகையும் போச்சா இப்ப?" என்றார், பட்டியலில் பெயர் வந்திருந்த திருச்செல்வம்.

வீட்டுக்கு வந்ததும் நவமணி காற்றாடியை முழு வேகத்தில் தட்டிவிட்டாள்.

முருகையா கண் திறந்தார். "கெடைச்சிச்சா?"

"இல்ல," என்றவள், அவரை மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்து, சட்டையைத் தூக்கி முதுகைக் காற்றுக்குக் காட்டினாள்.