கீழே ஓடும், மேலே ஓடாது

லேப்டாப் ஒரேயடியாகச் செத்திருந்தால் ஒருநாள் அழுது தீர்த்திருப்பேன். அது சாகவில்லை. கள்ளக்குறிச்சியில் உயிரோடு இருந்தது, கல்வராயன் மலைக்கு வந்தால் மூச்சை நிறுத்திக்கொண்டது. அந்த நான்கு நாட்களை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

என் கணவர் மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கிற இடம் சமையலறை ஜன்னலின் மேல்கம்பி மட்டும்தான். கம்பெனி கொடுத்த நெட் டாங்கிளை அங்கே கட்டித் தொங்கவிட்டு, நீளமான யூஎஸ்பி ஒயர் ஒன்றை மேஜைவரை இழுத்திருந்தோம். லேப்டாப்பை மேஜையில் வைத்ததும் என் கை தானாக அந்த ஒயரைச் செருகிவிடும். பவர் பட்டன் அப்புறம்தான்.

வியாழக்கிழமை விண்டோஸ் கெட்டுப்போய் கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் பென் டிரைவ் போட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: நோ பூட்டபிள் டிவைஸ். எந்த டிஸ்க்கிலிருந்து எழுந்திருப்பது என்று அதற்குத் தெரியவில்லையாம். செட்டிங்குக்குள் போய்ப் பார்த்தேன். டிஸ்க்கின் பெயர் இருந்தது. ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, பொருள் மட்டும் இல்லை என்பார்களே, அந்தக் கதை. எதிலிருந்து எழுந்திருப்பது என்ற வரிசையில் யூஎஸ்பி முதலில் இருந்தது. பென் டிரைவ் எதுவும் நான் செருகவில்லையே என்று அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி போனில் சொல்லிவிட்டார். “திங்கட்கிழமை பத்து மணிக்கு லாகின் பண்ணுங்க. இல்லன்னா ஆபீசுக்கு வந்துடுங்க. இனிமே வீட்லேர்ந்து வேலை கிடையாது.” ஆபீஸ் என்றால் சென்னை, லேடீஸ் ஹாஸ்டல். என் மகளுக்கு நான்கு வயது.

சனிக்கிழமை மறுபடியும் பஸ் ஏறினேன். “இன்னாம்மா, முந்தாநேத்துதான கீழ போனீங்க?” என்றார் கண்டக்டர். 

கடைக்காரர் பட்டனை அழுத்தினார். சமர்த்தாகத் திறந்தது.

“நல்லாத்தான ஓடுது மேடம்?”

“மலையில ஓடலிங்க.”

“மலையில இன்னா இருக்குது? கரண்ட் கம்மியா வருதா?”

“பேட்டரியில போட்டாலும் ஓடலிங்க.”

மூன்று முறை அணைத்து அணைத்துத் திறந்து காட்டினார். மூன்று முறையும் திறந்து என் மானத்தை வாங்கியது. பிறகு என்மேல் இரக்கப்பட்டு டிஸ்க்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். “பஸ்ஸு குலுக்கல்ல லூசாயிருக்கும். மடியில வச்சிக்கினு போங்க.” அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் பச்சைக் குழந்தையைப்போல அதை மடியில் அணைத்துக்கொண்டு வந்தேன். மேஜையில் வைத்தேன், ஒயரைச் செருகினேன், பட்டனை அழுத்தினேன். அதே வெள்ளை எழுத்து.

“ரெண்டு நாள் பாப்போம்” என்றார் என் கணவர். காய்ச்சலென்று வருகிற எல்லோரிடமும் அவர் சொல்வது அதுதான்.

“இதுக்கு இன்னா காய்ச்சலாங்க வந்துருக்குது? நான் போயிட்டா உங்களுக்கு ஒண்ணுமே இல்ல, அப்படித்தான?”

அவர் போய் மகளுக்குச் சோறு பிசைய ஆரம்பித்தார். அதுதான் லேப்டாப்பைவிட எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் உளுந்தூர்பேட்டை போய்ச் சென்னை பஸ் ஏற முடியும். அவர் என் துணிகளை மடித்து மடித்துப் பையில் அடுக்கினார். “எத்தினி நாளும்மா?” என்று மகள் கேட்டாள்.  டாங்கிள் கம்பெனிப் பொருளாயிற்றே என்று ஒயரைப் பிடுங்கி, ஜன்னலிலிருந்து அதை அவிழ்த்தேன். லேப்டாப்பையும் பையில் வைக்கப் போனபோது ஆத்திரம் தாங்காமல் கடைசியாக ஒருதரம் பட்டனை அழுத்தினேன்.

திறந்தது.

அப்படியே நின்றேன். அணைத்துவிட்டு, ஒயரைச் செருகி ஆன் செய்தேன். வெள்ளை எழுத்து. பிடுங்கிவிட்டுப் போட்டேன். திறந்தது. வரிசையில் யூஎஸ்பி முதலில் இருந்தது ஞாபகம் வந்து, டாங்கிளின் மூடியைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே நகமளவு மெமரி கார்டு ஒன்று உட்கார்ந்திருந்தது.

“இது இன்னாங்க?”

“பாட்டு கார்டு. சின்னதா இருக்குதே, தொலஞ்சி பூடும்னு நான்தான் வச்சேன். அதுல ஒரு ஓட்டை சும்மா இருந்துது.”

கடைக்காரர் விண்டோஸ் ஏற்றும்போது, முதலில் யூஎஸ்பியைப் பார் என்று வைத்துவிட்டு, பழையபடி மாற்ற மறந்திருக்கிறார். இங்கே லேப்டாப் ஒவ்வொரு முறையும் ஒயர் வழியாக, விண்டோஸே இல்லாத அந்தக் கார்டுக்குப் போய், அங்கேயே முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. கீழே போகும்போது நான் ஒயரையா கொண்டுபோனேன்?

விட்டேனா? “வூட்ல இத்தினி மாத்திரை டப்பா கெடக்குது, அதுல வைக்கத் தோணலியா உங்களுக்கு?” என்று ஆரம்பித்து, கல்யாணமான புதிதில் அவர் ரயில் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துத் தொலைத்த கதைவரை போனேன். திரையைப் பார்த்தபடியேதான் திட்டிக்கொண்டிருந்தேன். அலமாரிக் கதவு சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

பை காலியாக இருந்தது. என் துணிகளை எடுத்து எடுத்து மகளுடைய அலமாரியில் திணித்துக்கொண்டிருந்தார். அது என் அலமாரி இல்லை என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை, கண் நிறையத் தண்ணீர். அதற்குமேல் எனக்குத் திட்ட வரவில்லை.