நான் தப்பென்று போட்ட சரியான பதில்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சங்கரன்கோவிலில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் நடந்தது. பிளஸ் டூ மாணவிகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். ஒவ்வொரு புரதத்துக்கும் நிலையான முப்பரிமாண வடிவம் உண்டு, அது கலைந்தால் வேலையும் நின்றுவிடும் என்றுதான் இருபது வருடமாக நடத்தி வந்தேன். ஒரு வகுப்புத் தேர்வில், பனவடலிசத்திரத்திலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி மட்டும், 'சில புரதங்களுக்கு நிலையான வடிவமே கிடையாது, ஆனாலும் வேலை செய்யும்' என்று எழுதியிருந்தாள். குறுக்கே கோடு போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். வகுப்பில் வாசித்துக் காட்டி, "செல்போன்ல பார்க்கிறதையெல்லாம் பரீட்சையில எழுதாதே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அதன்பிறகு அவள் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். அவளுடைய அப்பா வந்திருந்தார். கொத்தனார், ஐம்பது வயதுகூட இருக்காது. கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினார். கை அப்படி நடுங்கியது. பக்கத்தில் நின்ற அவள் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நடுக்குவாதம் டீச்சர். சாரத்துல ஏறியே ஒரு வருஷம் ஆச்சு" என்றவர், மகளைப் பெருமையாகப் பார்த்தார். "டாக்டர் சொன்னது எனக்கு விளங்கல. இவதான் தேடிப் படிச்சுச் சொல்லுதா. மூளையில ஒரு புரதமாம், அதுக்கு இன்ன வடிவம்னு கிடையாதாம், அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிருதாம். ஏட்டி, டீச்சர்ட்ட நீயே சொல்லு."

அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

வீட்டுக்குப் போனதும் தேடிப் படித்தேன். அவள் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. அப்படிப்பட்ட புரதங்கள் நம் உடம்பில் ஏராளம். வளைந்து கொடுப்பதாலேயே பலவற்றோடு சேர்ந்து வேலை பார்க்கின்றன. நான்தான் கல்லூரியை விட்ட பிறகு புதிதாக எதையும் படிக்கவில்லை.

மறுநாள் முதல் பீரியடில், சிரித்த அதே வகுப்பின் முன்னால், "அவ எழுதினது சரி, தப்பு என்னோடது" என்று சொல்லி மார்க்கைத் திருத்தினேன். அவளிடம் சாக்பீஸை நீட்டி, விளக்கச் சொன்னேன். தயங்கித் தயங்கிப் போர்டில் நெளிநெளியாக ஒரு கோடு வரைந்தாள். "இது ஒரே மாதிரி நிக்காது டீச்சர், மாறிக்கிட்டே இருக்கும்" என்று தொடங்கியவள் மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை.

இப்போது வெளியூரில் உயிர்வேதியியல் படிக்கிறாள். அப்பாவுக்கு மாத்திரையில் நடுக்கம் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. கட்டடவேலைக்கு மேற்பார்வை பார்க்கப் போகிறார். போன மாதம் அவள் ஒரு புது ஆய்வுக் கட்டுரையை எனக்கு அனுப்பிவிட்டு, "புரியலைன்னா கேளுங்க டீச்சர்" என்றாள். பாதி புரியவில்லை, கேட்டேன். ஒரு பிள்ளை எழுதும் பதிலுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய கவலையும், எவ்வளவு பெரிய நம்பிக்கையும் இருக்கலாம் என்பதை, என்னை ஒரு வார்த்தை குறை சொல்லாமலே அந்த இருவரும் எனக்குப் புரியவைத்துவிட்டார்கள்.